பூஜ்ஜியத்தில் இருந்த அண்ணன்

மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் எனக்கு வந்த முதல் கவலை, அவள் அழுவாளே என்பதல்ல; யார் எந்த வண்டியில் வருவார்கள் என்பதுதான்.

கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில் அந்தியூரைத் தாண்டி இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது கோவை சரவணம்பட்டியில். மூன்று வேன் பேசியிருந்தோம். முதல் வேன் தொண்டாமுத்தூரில் கிளம்பும், இரண்டாவது எங்கள் அடுக்குமாடி வாசலில், மூன்றாவது பல்லடத்தில். அழைப்பு வைத்துவிட்டு வந்த மறுநாளே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

"ஏனம்மணி, எங்களுக்கு எந்த வண்டி?"

"ரெண்டாவதுங்க பெரியம்மா."

"உன்ர ஊட்டுக்காரர் மூணாவதுன்னு சொன்னாரே?"

உடனே நான் மூன்றாவது என்று மாற்றிச் சொல்வேன். ஃபோனை வைத்ததும் முதலில் சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். திரும்பக் கூப்பிட்டு இரண்டாவது என்பேன். சாயங்காலத்துக்குள் அந்த ஒரு பெரியம்மாவை மூன்று வண்டியிலும் ஏற்றி இறக்கியிருந்தேன்.

குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய நிரலில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. மறுபடி வேலைக்குப் போகும்போது நிரல் எழுதவும் தெரிந்திருந்தால் நல்லது என்று, மகள் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் பி.எச்.பி. படித்துக்கொண்டிருந்தேன். இணையப் பக்கங்களுக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் மொழி அது. அந்த வாரத்துப் பாடம், ஒரு வரிசைக்குள் நமக்கு வேண்டியதைத் தேடி எடுப்பது.

"வண்டிக்கு ஒரு பக்கம் செஞ்சா என்னங்க? அவங்கவங்க நம்பர அடிச்சா அவங்கவங்க வண்டி வரும்" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒரு தாள்ல எழுதி குரூப்ல போட்டா ஆகாதா?"

"தாள்ல எழுதுனா எங்கிட்டக் கேட்டுத்தான் சரிபாப்பாங்க. இதுல யாரும் என்னக் கேக்க வேண்டியதில்ல."

"நீ யாருக்கும் மாத்திச் சொல்லவும் வேண்டியதில்ல" என்றார். அதற்காகவே சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தேடல் எப்படி நடக்கும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசையில் எல்லாருடைய ஃபோன் எண்களும் இருக்கும். இன்னொரு வரிசையில், அதே ஒழுங்கில், அவரவர் வண்டியைச் சொல்லும் வாசகம் இருக்கும். ஒருவர் தன் எண்ணை அடித்ததும், 'இது எங்கே இருக்கிறது?' என்று முதல் வரிசையைக் கேட்க வேண்டும். இருந்தால், எந்த இடம் என்று ஓர் எண் பதிலாக வரும். இல்லாவிட்டால் 'இல்லை' என்று வரும். கிடைத்த இடத்தைக் கொண்டு இரண்டாவது வரிசையில் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கணினி ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். வரிசையில் முதலில் நிற்பவரின் இடம் பூஜ்ஜியம். அடுத்தவருடையது ஒன்று.

எங்கள் அடுக்குமாடி லிஃப்டும் அப்படித்தான். தரைத்தளத்துக்கு உள்ள பொத்தானில் பூஜ்ஜியம் என்று போட்டிருக்கும். என் அண்ணன் முதல்முறை வந்துவிட்டுக் கிளம்பியபோது அந்தப் பொத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனம்மணி, பூஜ்ஜியத்த அமுத்துனா எங்க போகும்? அங்க ஒண்ணுமே இல்லியா?" என்றார். "வீடெல்லாம் இருக்குதுங்ணா" என்று சொல்லியும் நம்பாமல் நான்கு மாடியையும் படியில் இறங்கிப் போனார்.

எனக்கு அண்ணன் அவர் ஒருவர்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு, காய்கறி, இரண்டு எருமை, அண்ணி என்று இருக்கிறார். காது குத்துவதென்றால் எங்களுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துதான் மொட்டை, அவர் மடியில்தான் காது குத்து. தாய்மாமன் வராவிட்டால் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கமாட்டார்.

பட்டியலை முதலில், எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் குறித்து, பெயர்களின் அகர வரிசையில்தான் அடுக்கியிருந்தேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"இதாரு கண்ணு மேல?"

"மாமாவோட சிநேகிதருங்க, அத்தை. அகர வரிசையில அவருதான் முதல்ல வர்றாரு."

"அதெப்படி? தாய்மாமன் பேரு பதினெட்டாவதா கெடக்குது. பாத்தா என்ன நெனைப்பாங்க?"

இந்தப் பட்டியல் யார் கண்ணுக்கும் தெரியாது, உள்ளேயேதான் இருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் சொன்னது சரி என்றே பட்டது. என் அண்ணனைப் பதினெட்டாவதாக வைக்க எனக்கே எப்படி மனம் வந்தது என்று வெட்கமாக இருந்தது. அவருடைய வரியை வெட்டி எடுத்து எல்லாருக்கும் மேலே ஒட்டினேன். வண்டி வரிசையிலும் அதேபோல் மாற்றினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்ட நிம்மதி வந்தது.

பிறகு சோதனை. என் எண்ணை அடித்தேன். இரண்டாவது வண்டி என்றது. கணவர் எண், மாமியார் எண், பெரியம்மா எண், எல்லாம் சரி. பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணை அடித்தேன். அதற்கென்று நான் எழுதி வைத்திருந்த வாசகம் வந்தது: "மன்னிக்கணுமுங்க. உங்க நம்பர் எங்க பட்டியல்ல இல்லீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. நல்லாயிருங்க." தவறான எண்ணை அடிப்பவர்கூட மனம் நோகக்கூடாது என்று அந்த நான்கு வரியை அரை நாள் யோசித்து எழுதியிருந்தேன்.

அண்ணன் எண்ணை மட்டும் நான் அடித்துப் பார்க்கவில்லை. அண்ணனைப் போய்ச் சோதிப்பதா என்று நினைத்தேனோ என்னவோ.

இணைப்பை எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரே கொண்டாட்டம். பெரியம்மா தன் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் எல்லாருடைய எண்ணையும் அடித்திருக்கிறார். "நீங்கெல்லாம் பட்டியல்ல இல்லையாமா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். பல்லடத்துச் சித்தப்பா, "கம்ப்யூட்டரே நம்மள வாங்கன்னு கூப்புடுது பாத்தியா" என்று குரல் செய்தி அனுப்பினார். அண்ணனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. என் மண்டைக்குள் இருந்த பழைய சோதனைப் பிரிவு வேலையை ஆரம்பித்தது. அழைப்பு வைக்கப் போனபோது அண்ணி நீட்டிய காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேனே, அதனாலா? மகள் அண்ணனைப் பார்த்து வீறிட்டாளே, அதனாலா? தட்டை நான் கொடுத்தேனா, கணவர் கொடுத்தாரா? இடது கையில் கொடுத்திருப்போமோ? கணவரிடம் கேட்டால், "தட்ட ரெண்டு கையிலதான் புடிச்சிருந்தோம். தட்டு அத்தாச்சோடு" என்று கையை விரித்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை அண்ணி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மணி, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாத. உங்கண்ணன் கோயிலுக்கு வரலீங்கிறாரு. என்னைய மட்டும் போய்ட்டு வரச் சொல்றாரு."

"ஏனுங்க அண்ணி? நான் என்ன பண்ணுனேன்?"

"நீ அனுப்புனியே, அதுல நம்பரப் போட்டாரு. பட்டியல்லயே இல்லைங்குது. தப்பா அமுத்திட்டம்னு மறுக்காவும் போட்டாரு. நாலு தாட்டி போட்டாரு அம்மணி. நாலு தாட்டியும் நல்லாயிருங்கன்னுதான் சொல்லுச்சு."

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். வழக்கமாக என்னை 'நீ' என்பவர் அன்றைக்கு 'நீங்க' என்றார். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. இங்க யானை வந்து வேலியச் சாச்சுப்போட்டுப் போயிருச்சு. நான் நகர முடியாது. நீங்க நல்லபடியா நடத்துங்க."

"அண்ணா, அது அந்தப் பக்கத்துல ஏதோ தப்புங்ணா..."

"கம்ப்யூட்டர்ல தப்பு வருமுங்களா? நீங்க நல்லாயிருங்க." வைத்துவிட்டார்.

மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணன் எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. நானே அடித்தேன். மன்னிக்கணுமுங்க என்றது. இருக்கிற எண்ணை எப்படி இல்லை என்கிறது? தேடலுக்கு வந்த பதிலை அப்படியே திரையில் காட்டு என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

பூஜ்ஜியம் என்று வந்தது.

இன்னொரு முறை ஓட்டினேன், அதேதான் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தேடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அண்ணனைக் கண்டுபிடித்து, இதோ பூஜ்ஜியமாவது இடத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறது. அடுத்த வரியில் நான்தான் அந்தப் பதிலை வாங்கி, 'உண்டா?' என்று மொட்டையாகக் கேட்டிருக்கிறேன். இந்த மொழியில் அப்படிக் கேட்டால் பூஜ்ஜியமும் 'இல்லை'யும் ஒன்று. மற்ற எல்லாருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதோ ஓர் எண் வந்தது, அதனால் உண்டு. முதலில் நிற்பவருக்கு மட்டும் இல்லை. அகர வரிசையிலேயே விட்டிருந்தால் மாமனாரின் சிநேகிதர்தான் மாட்டியிருப்பார். மரியாதை பார்த்து மேலே ஏற்றியதால் அண்ணன் மாட்டினார்.

'உண்டா?' என்று கேட்காமல், வந்த பதில் 'இல்லை' என்பதற்கு வேறானதா என்று கேட்க வேண்டும். ஆச்சரியக்குறியும் ஒரு சமக்குறியும் போட்டேன். அப்போதும் மன்னிக்கணுமுங்க. பாடத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சமக்குறி போட்டால் மேலோட்டமாகத்தான் ஒப்பிடுமாம். இன்னொன்றும் சேர்த்தால்தான் பூஜ்ஜியம் வேறு, இல்லை வேறு என்று பிரித்துப் பார்க்குமாம். இன்னொரு சமக்குறியைச் சேர்த்தேன். முதல் வண்டி என்றது. ஒரு சின்னக் கோட்டு ஜோடி. அது குறைந்ததற்கு ஓர் அண்ணனையே இழக்கப் பார்த்தேன்.

"ஃபோன்ல சொன்னா ஆகாது. மறுக்கா நேர்ல போய் அழைக்கோணும்" என்றார் மாமியார். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் எடுத்து வைத்து, தட்டில் தேங்காயும் வைத்தார். தென்னந்தோப்புக்குத் தேங்காய் கொண்டுபோகிற கூச்சத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம்.

அண்ணன் உண்மையாகவே வேலி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, வாங்கம்மணி" என்றார். பிறகு என் கையில் இருந்த மகளைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார். பதினோரு மாதக் குழந்தைக்கும் மரியாதை கூடியிருந்தது. இந்த முறை அண்ணி கொடுத்த காபியை அடிவரை குடித்தேன்.

"அண்ணா, பட்டியல்ல உங்க பேருதான் முதல்ல இருக்குதுங்ணா. அதனாலதான் இல்லைன்னு வந்துருச்சு."

"இதென்ன நாயம்? முதல்ல இருந்தா இல்லீங்களா?"

"கணினிக்கு முதல் இடம்னா பூஜ்ஜியங்ணா."

"ஓ. என்னைய பூஜ்ஜியம்னு எழுதி வெச்சிருக்கறீங்க." அண்ணியிடம் திரும்பினார். "கேட்டியா? இந்தத் தோட்டத்துக்கு வர்ற யானையக்கூட நாம பட்டியல் பாத்து உடறதில்ல."

கணவர் சிரிப்பை அடக்க, பால் குடிக்கும் எருமைக்கன்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் லிஃப்ட் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, எங்க லிஃப்ட்ல பூஜ்ஜியம்னு ஒரு பொத்தான் இருக்குதில்லீங்களா? அத அமுத்துனா எங்க போகும்னு கேட்டீங்களே."

"ஆமா."

"அந்தத் தளத்துல நாலு வீடு இருக்குதுங்ணா. சனங்க குடியிருக்கறாங்க, துணி காயப் போடறாங்க. நீங்க பூஜ்ஜியம்னா அங்க ஒண்ணுமே இல்லைன்னு நெனைச்சுப் படியில எறங்கிப் போனீங்க. நான் எழுதுனதும் அப்படித்தான் நெனைச்சுப்போடுச்சு. நீங்க அங்கதான் இருந்தீங்க. இல்லைன்னு நெனைச்சு அது உங்களத் தாண்டிப் போயிருச்சு."

அண்ணன் கையில் இருந்த கம்பியை வளைத்தார், நிமிர்த்தினார். "அப்ப நான் பண்ணுன தப்பத்தான் நீயும் பண்ணியிருக்கற" என்றார்.

'நீ' என்றுவிட்டார். எனக்கு அது போதும்.

ஆனால் அவருக்குப் போதவில்லை. கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றார். தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் மட்டும்தான் சிக்னல் வரும். அண்ணன் முன்னால், மகளைத் தூக்கிக்கொண்டு நான், தட்டோடு கணவர், ஈரக் கையைத் துடைத்தபடி அண்ணி, எல்லாரும் ஒன்றாக வரப்பில் நடந்தோம். அண்ணன் மோட்டார் ரூம் படியில் ஏறி நின்று எண்ணை அடித்தார். நான் சரியாகத் திருத்தினேனா, இணையத்தில் ஏற்றியது புதியதா பழையதா, ஒரு சமக்குறி குறைந்திருக்குமோ என்று அந்த நொடியில் எல்லாம் வந்துபோயின.

அவர் உரக்க வாசித்தார்: "வாங்க. உங்களுக்கு முதல் வண்டி."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அண்ணி எண்ணை அடித்தார். கணவர் எண்ணை அடித்தார். தேங்காய் வாங்க வரும் வியாபாரியின் எண்ணை அடித்து, மன்னிக்கணுமுங்க என்று வந்ததும் மோட்டார் ரூம் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எத்தன மரியாதையாத் தொரத்துது பாரு!"

அங்கேயே தட்டை நீட்டினோம். வாங்கிக்கொண்டார். "இருந்தாலும் அம்மணி, அந்தப் பூஜ்ஜியத்துல மனுசன உடாத. அதுல சாமியப் போட்டுரு. பத்திரிகையில மொதல்ல சாமி பேருதான போடறோம்? என்னைய ஒண்ணுல போடு."

"சாமிக்கு நம்பர் ஏதுங்ணா?"

"வெறுமனே உடு."

தேவையே இல்லை. இரண்டாவது சமக்குறியோடு தப்பு தீர்ந்துவிட்டது. இருந்தும் மறுநாள் மதியம் மகள் தூங்கியதும், வரிசையின் தொடக்கத்தில் எண் எதுவும் இல்லாமல் வெற்றாக ஓரிடம் வைத்தேன். வண்டி வரிசையில் அதே இடத்தில், 'சாமி, நீங்க அங்கயே இருங்க. நாங்க வாரோம்' என்று எழுதினேன். அண்ணன் ஒன்றாவது இடத்துக்கு வந்தார். இந்த முறை எல்லா எண்ணையும் சோதித்தேன். அண்ணன் எண்ணை மூன்று முறை.

காது குத்து அன்றைக்கு முதல் வண்டி எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்கு வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் அண்ணன். மொட்டை அடிக்கும்போது மகள் சிரித்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் தாய்மாமனின் புதுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மச்சான், குத்துறது புள்ளைக்கு" என்றார் கணவர். ஆசாரிக்கே சிரிப்பு வந்து ஒரு நொடி கையை நிறுத்தினார்.

திரும்பும்போது மகள் அண்ணன் மடியை விட்டு வரவில்லை. அதனால் நாங்களும் முதல் வண்டியிலேயே ஏறினோம். அவர் தோளில் எச்சில் ஒழுக அவள் தூங்கிவிட்டாள். காதில் புதுத்தோடு. கோபி தாண்டியதும், சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணன் ஒற்றைக் கையால் ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஒரு கையில் எண்ணை அடிக்க முடியவில்லை போல. பெட்டியைக் காலியாக விட்டு, கட்டைவிரலால் வெறுமனே பொத்தானை மட்டும் அழுத்தினார்.

பெட்டியைக் காலியாக அனுப்பினால், தேடல் காலி இடத்தைத்தான் தேடும். அது வரிசையில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லா எண்ணையும் சோதித்த நான், எண்ணே இல்லாமல் சோதிக்க மறந்திருந்தேன்.

அண்ணன் கண்ணைச் சுருக்கி வாசித்தார். பிறகு வண்டி முழுக்கக் கேட்கும்படி மறுபடி வாசித்தார். "சாமி, நீங்க அங்கயே இருங்க. நாங்க வாரோம்."

எங்களோடு முதல் வண்டிக்கு மாறியிருந்த பெரியம்மா பின்சீட்டில் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியே சிரித்தது. மகள் ஒருமுறை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கினாள்.

"பாத்துக்க அம்மணி" என்றார் அண்ணன், அவள் முதுகைத் தட்டியபடி. "அன்னிக்கு ஆளே இல்லைன்னுச்சு. இன்னிக்குச் சாமிங்குது."

"அது தப்புங்ணா. ஊட்டுக்குப் போனதும் திருத்திடறேன்."

"திருத்துனீன்னா அப்புறம் நான் நீங்கன்னு கூப்புடுவேன்" என்றார்.

நான் திருத்தவில்லை.